கடல் கடந்து வரும் முதல் காசோலை

2023ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இயங்கிவந்த சிலிக்கான் வேலி வங்கியை அங்குள்ள கட்டுப்பாட்டு அமைப்புகள் இழுத்து மூடின. அமெரிக்காவில் ஒரு வங்கி திவாலானால் அந்நாட்டு வாடிக்கையாளர்கள் பதறுவது இயல்பு. ஆனால், அந்த வார இறுதியில் பெங்களூரிலும் சென்னையிலும் குர்கானிலும் இளம் தொழில்முனைவோர் பலர் உறக்கமின்றித் தவித்தனர். அவர்களது ஊழியர்கள் இந்தியாவில் இருந்தனர். அலுவலகம் இந்தியாவில் இருந்தது. ஆனால், ஊழியர்களுக்குச் சம்பளம் தர வேண்டிய பணம் கலிஃபோர்னியாவில் முடங்கிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு அமெரிக்க அரசு, வைப்புத்தொகை முழுவதற்கும் உத்தரவாதம் அளித்த பிறகே அவர்களுக்கு மூச்சு வந்தது. அந்த வங்கியில் இந்தியப் புத்தொழில் நிறுவனங்களின் வைப்பு ஏறத்தாழ 100 கோடி டாலர் இருந்ததாக, அப்போது மத்திய தகவல் தொழில்நுட்பத் துறை இணையமைச்சராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் கூறினார்.

சரியாக இரண்டு வாரம் கழித்து, மார்ச் 24ஆம் தேதி, பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவை கூடியது. அதானி விவகாரத்தில் கூட்டுக் குழு கேட்டு எதிர்க்கட்சிகள் அவையின் நடுப்பகுதியில் முழக்கமிட்டுக் கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே அவ்வாண்டின் நிதி மசோதா விவாதமே இன்றிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ராகுல் காந்தி மக்களவை உறுப்பினர் பதவியை இழந்த நாளும் அதுவே. மறுநாள் நாளேடுகளின் முதல் பக்கத்தில் வேறு எதற்கும் இடமிருக்கவில்லை; செய்தியாளர்களாகிய நாங்களும் அந்த மசோதாவைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று நிறைவேறிய பிரிவுகளுள் ஒன்று, கலிஃபோர்னியாவில் பணம் சிக்கித் தவித்த அதே இளைஞர்களைப் பற்றியது. வெளிநாட்டு முதலீட்டாளர் ஓர் இந்தியப் புத்தொழில் நிறுவனத்தின் பங்கை அதன் 'நியாய விலை'யைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால், அந்தக் கூடுதல் தொகையை அந்நிறுவனத்தின் வருமானமாகக் கருதி வரி விதிக்க வழிசெய்த பிரிவு அது. ஆதரித்தோ எதிர்த்தோ ஓர் உறுப்பினர் கூடப் பேசவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 23ஆம் தேதி அந்த வரியையே முற்றிலுமாக நீக்குவதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். ஏன் கொண்டுவந்தார்கள், ஏன் நீக்கினார்கள் என்று அவை ஒரு மணி நேரமாவது கேட்டிருக்க வேண்டாமா?

இதைப் புரிந்துகொள்ள, 'வென்ச்சர் கேப்பிடல்' எனப்படும் துணிகர மூலதன நிறுவனங்கள், அதிலும் ஒரு காலை அமெரிக்காவிலும் மறுகாலை இந்தியாவிலும் ஊன்றி நிற்கும் தொடக்கநிலை முதலீட்டு நிறுவனங்கள் எப்படிச் செயல்படுகின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

இது வங்கிக் கடனைப் போன்றதன்று. வங்கி அடமானம் கேட்கும். மாதத் தவணை கேட்கும். துணிகர முதலீட்டாளர் இரண்டையும் கேட்பதில்லை. நிறுவனத்தில் பங்கைக் கேட்பார். தொடக்கநிலை முதலீட்டாளர் வந்து சேரும் கட்டத்தில் விற்பனை என்று சொல்லத்தக்க எதுவும் இருக்காது. இரண்டு மூன்று இளைஞர்கள், ஒரு மடிக்கணினி, ஒரு யோசனை, அவ்வளவுதான். அந்த யோசனையை நம்பி முதல் காசோலையை எழுதுபவர் அவர்.

எழுதுவது அவருடைய சொந்தப் பணமன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறக்கட்டளை நிதிகள், ஓய்வூதிய நிதிகள், பெரும் செல்வக் குடும்பங்கள் ஆகியோரிடமிருந்து திரட்டிய பணம் அது. அந்நாட்டில் ஓய்வூதிய நிதிகள் இத்துறைக்குள் தாராளமாக நுழைய வழி திறந்தது, 1979ஆம் ஆண்டு தொழிலாளர் துறை தந்த ஒரு சட்ட விளக்கம். நிதியை நிர்வகிப்பவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் நிர்வாகக் கட்டணமாகவும், கடைசியில் கிடைக்கும் லாபத்தில் 20 சதவீதம் தங்கள் பங்காகவும் பெறுவது வழக்கம். நிதியின் ஆயுள் பெரும்பாலும் 10 ஆண்டுகள். அதற்குள் வாங்கிய பங்குகளை விற்றுப் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

இந்தப் பத்தாண்டுக் கெடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முப்பது, நாற்பது நிறுவனங்களில் பணம் போடுவார்கள். பெரும்பாலானவை மூழ்கும், சில, போட்ட பணத்தை மட்டும் திருப்பித் தரும், ஒன்றோ இரண்டோ மட்டுமே ஒட்டுமொத்த நிதியையும் மீட்டுத் தந்து, லாபத்தையும் ஈட்டித் தரும். ஃபிளிப்கார்ட்டில் 2009ஆம் ஆண்டு வாக்கில் ஆக்செல் நிறுவனம் போட்டது ஏறத்தாழ 10 லட்சம் டாலர். 2018ஆம் ஆண்டு வால்மார்ட் நிறுவனம் ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை 1,600 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அத்தகைய ஒன்றைத் தேடித்தான் மற்ற நாற்பதிலும் பணம் இறைக்கப்படுகிறது. ஆகவே, ஆண்டுக்கு 15 சதவீதம் நிதானமாக வளர்ந்து, ஐம்பது பேருக்கு நிரந்தர வேலை தரும் நிறுவனத்தால் அவர்களுக்குப் பயனில்லை. நமது ஊர்களில் 'நல்ல தொழில்' என்று எதைச் சொல்வோமோ அது அவர்களது கணக்கில் தோல்விப் பட்டியலில் சேரும்.

ஒப்பந்தமும் இந்தக் கணக்குக்கு ஏற்பவே எழுதப்படும். முதலீட்டாளர் சாதாரணப் பங்கை வாங்குவதில்லை. பின்னாளில் கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கை வாங்குவார். 'கட்டாயமாக' என்ற சொல் நமது அன்னியச் செலாவணி விதிகள் சேர்த்தது. அப்படி மாறாத முன்னுரிமைப் பங்கை வெளிநாட்டுக் கடனாகவே கருத வேண்டும் என்று 2007ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி வரையறுத்தது. 'முன்னுரிமை' என்பதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முதலீட்டாளர் 10 கோடி ரூபாய் போட்டு நிறுவனத்தில் நான்கில் ஒரு பங்கு பெற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் நலிந்து 12 கோடிக்கு விற்கப்பட்டால், முதல் 10 கோடி அவருக்கே. இரவு பகலாக உழைத்து, முக்கால் பங்கைக் கையில் வைத்திருக்கும் நிறுவனருக்கும் ஊழியர்களுக்கும் எஞ்சுவது 2 கோடி. இன்னின்ன முடிவுகளை முதலீட்டாளரின் ஒப்புதலின்றி எடுக்கக் கூடாது என்ற நீண்ட பட்டியலும் ஒப்பந்தத்தில் இருக்கும். தகராறு வந்தால் சிங்கப்பூர் நடுவர் மன்றம் என்று எழுதுவதும் சகஜம். நமது நீதிமன்றங்களில் வழக்கு எத்தனை ஆண்டு நடக்கும் என்பதை அறிந்தவர்கள் இதைக் குறை சொல்ல முடியாது.

இனி, பணம் வரும் பாதை. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்திலோ கேமன் தீவுகளிலோ பதிவான நிதியில் பணம் சேரும். அங்கிருந்து மோரீஷஸ் அல்லது சிங்கப்பூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வரும். அங்கிருந்து அன்னிய நேரடி முதலீடாக இந்தியாவுக்குள் நுழையும். பெங்களூரில் அந்நிறுவனத்துக்கு ஓர் அலுவலகம் இருக்கும். அங்குள்ளவர்கள்தாம் நிறுவனர்களைச் சந்திப்பார்கள், கணக்கைப் பார்ப்பார்கள், பேரம் பேசுவார்கள். ஆயினும் ஏட்டில் அந்த அலுவலகம் வெறும் 'ஆலோசனை' நிறுவனம். முதலீட்டு முடிவை எடுப்பது கடலுக்கு அப்பால் உள்ள இயக்குநர் குழு. முடிவு இந்தியாவில் எடுக்கப்பட்டதாகிவிட்டால், நிதியின் வருமானமே இந்திய வரி வளையத்துக்குள் வந்துவிடுமோ என்ற அச்சம்தான் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம். கோரமங்கலாவில் தேநீர் அருந்தியபடி கைகுலுக்கி முடித்த விவகாரத்துக்கு, போர்ட் லூயி நகரில் தீர்மானம் எழுதப்படுகிறது!

இந்தப் பாதையை அமைத்துக் கொடுத்தது யார்? இந்திய அரசுதான். 1982ஆம் ஆண்டு மோரீஷஸுடன் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி மோரீஷஸில் குடியிருப்பு பெற்ற நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்று ஈட்டும் மூலதன ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமை மோரீஷஸுக்கே உரியது. அந்நாடோ அத்தகைய ஆதாயத்துக்கு வரி விதிப்பதில்லை. இரட்டை வரியைத் தவிர்க்க வந்த ஒப்பந்தம், ஒற்றை வரியும் இல்லாமல் செய்தது. 1991க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது இந்தச் சிறு தீவு இந்தியாவுக்கு வரும் அன்னிய முதலீட்டின் முதன்மை வாசலானது.

மோரீஷஸ் அரசு தரும் குடியிருப்புச் சான்றிதழே போதுமானது, மேற்கொண்டு தோண்டாதீர்கள் என்று 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய நேரடி வரிகள் வாரியம் தனது 789ஆம் எண் சுற்றறிக்கையில் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. அதை 2002இல் தில்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2003 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், 'ஆசாதி பச்சாவோ ஆந்தோலன்' வழக்கில் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து சுற்றறிக்கையை உறுதிப்படுத்தியது. இடையில், கேதன் பாரேக் ஊழலை ஆராய்ந்த கூட்டு நாடாளுமன்றக் குழு 2002 டிசம்பரில் அளித்த அறிக்கையில் மோரீஷஸ் பாதையைத் தொட்டுப் பேசியது. அவ்வழியே வரும் நிறுவனங்கள் தங்கள் உரிமையாளர் யார் என்ற விவரத்தை ரிசர்வ் வங்கியிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்று அக்குழு கூறியது. ஒரு நாடாளுமன்றக் குழு சரியான இடத்தில் கைவைத்த தருணம் அது. ஒப்பந்தத்தில் திருத்தம் கையெழுத்தாக அதன்பின் 13 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2016 மே மாதம் செய்துகொள்ளப்பட்ட திருத்தத்தின்படி, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கப்படும் பங்குகளின் ஆதாயத்துக்கு இந்தியா வரி விதிக்கலாம். அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூருடனான ஒப்பந்தமும் அவ்வாறே திருத்தப்பட்டது. அதற்கு முன் வாங்கிய பங்குகளுக்குப் பழைய சலுகை தொடரும் என்றார்கள்.

தொடர்ந்ததா? ஃபிளிப்கார்ட் பங்குகளை 2018இல் விற்ற டைகர் குளோபல் நிறுவனத்தின் மோரீஷஸ் கிளைகள், தங்கள் பங்குகள் 2017க்கு முன்பே வாங்கப்பட்டவை, ஆகவே வரி இல்லை என்றன. விற்பனைத் தொகை 160 கோடி டாலருக்கும் மேல். நிறுவனத்தின் உண்மையான கட்டுப்பாடு மோரீஷஸில் இல்லை என்றது வரித் துறை. 2020இல் முன்தீர்ப்பு ஆணையம் வரித் துறையின் பக்கம். 2024 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம். 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வரித் துறையின் பக்கம். சான்றிதழ் இருந்தால் போதும் என்று 2003இல் முதலீட்டாளர்கள் புரிந்துகொண்டதற்கும், சான்றிதழ் மட்டும் போதாது என்று இப்போது புரிந்துகொள்வதற்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள். இந்தத் தீர்ப்பால் அரசுக்குப் பணம் வரும், அதில் மகிழ்ச்சிதான். ஆனால், வரிக் கொள்கையை வகுப்பது நீதிமன்றத்தின் வேலையா என்பது தனிக் கேள்வி.

வெளியிலிருந்து வந்த பணத்துக்கு இவ்வளவு வரவேற்பு இருந்த காலத்தில், உள்ளூர்ப் பணம் எப்படி நடத்தப்பட்டது என்பதுதான் இக்கதையில் வேதனையான பகுதி.

2012ஆம் ஆண்டு நிதியமைச்சராக இருந்த பிரணாப் முகர்ஜி, வோடஃபோன் வழக்கில் கிடைத்த தோல்வியை ஈடுகட்ட முன்தேதியிட்ட வரித் திருத்தத்தைக் கொண்டுவந்தார். அவையிலும் வெளியிலும் எல்லோரும் அதைப் பற்றியே பேசினர். அதே நிதி மசோதாவில் வருமான வரிச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சத்தமின்றி நுழைந்தது. பின்னர் 'ஏஞ்சல் வரி' என்று பெயர் பெற்றது அதுதான். கறுப்புப் பணத்தைப் பங்கு முதலீடாகக் காட்டி வெள்ளையாக்குவதைத் தடுப்பதே நோக்கம் என்றார்கள். நோக்கத்தில் தவறில்லை. விளைவைப் பாருங்கள். ஓர் உள்ளூர் முதலீட்டாளர் ஒரு புதிய நிறுவனத்தில் 2 கோடி ரூபாய் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பங்கின் மதிப்பு 40 லட்சம்தான் என்று வரி அதிகாரி முடிவுசெய்தால், மீதி 1 கோடியே 60 லட்சம் நிறுவனத்தின் 'வருமானம்' ஆகிவிடும். அதற்கு 30 சதவீத வரி என்றால் 48 லட்சம். இன்னும் ஒரு ரூபாய்க்குக்கூட விற்பனை செய்யாத நிறுவனம், முதல் பணம் வந்த கையோடு அதில் நான்கில் ஒரு பகுதியை அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பனையே இல்லாத நிறுவனத்துக்கு நியாய விலை எது என்பதை எந்த அதிகாரியால் கணக்கிட முடியும்?

அதே 2 கோடியை மோரீஷஸ் வழியாக ஒருவர் போட்டிருந்தால் இந்த வரி இல்லை. அந்த உட்பிரிவு இந்தியக் குடியிருப்பாளரின் முதலீட்டுக்கு மட்டுமே பொருந்தியது. அமெரிக்காவிலிருந்து வந்த பணம் விருந்தாளி. அம்பத்தூரில் தொழில் நடத்திச் சேர்த்த பணம் சந்தேகத்துக்குரியது! அரசின் அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனங்களுக்கு 2019இல் நிபந்தனைகளுடன் விலக்கு அளித்தார்கள். பிறகு 2023இல், பாகுபாட்டைப் போக்குவதாக எண்ணி வெளிநாட்டவரையும் வரிக்குள் இழுத்தார்கள். அவ்வாண்டு மே மாதமே அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 21 நாடுகளின் முதலீட்டாளர்களுக்கு அறிவிக்கை மூலம் விலக்கு தந்தார்கள். சிங்கப்பூரும் மோரீஷஸும் அப்பட்டியலில் இல்லை. அமெரிக்க முதலீட்டாளருக்கு விலக்கு. அவரது பணம் வழக்கமாக வரும் வழிக்கு விலக்கில்லை. மசோதா ஒரு நாளாவது விவாதிக்கப்பட்டிருந்தால் இந்த முரண்பாட்டை யாரேனும் சுட்டிக்காட்டியிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. பட்டியலிடப்படாத பங்குகளை நீண்டகாலம் வைத்திருந்து விற்கும் இந்தியருக்கு, பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 சதவீத வரி. வெளிநாட்டவருக்கு, அச்சரிக்கட்டல் இன்றி 10 சதவீதம். அசுர வேகத்தில் மதிப்பு ஏறும் புத்தொழில் பங்குகளில் பணவீக்கச் சரிக்கட்டலால் கிடைக்கும் பயன் சொற்பமே என்பதால், இந்தியர் ஏறத்தாழ இரு மடங்கு வரி கட்டினார். 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் இருவருக்கும் பொதுவாக 12.5 சதவீதம் என்று ஆக்கப்பட்டது. இதற்கெல்லாம் யாரையும் ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளாக்க முடியாது. கவனக் குறைவே காரணம். ஆனால், அந்தக் கவனத்தைச் செலுத்துவதற்காகத்தான் நாடாளுமன்றம் என்ற ஒன்றை வைத்திருக்கிறோம்.

இதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கதே. நிறுவனங்களே வெளியேறின. 2007இல் பெங்களூரில் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2011இல் தன் தாய் நிறுவனத்தைச் சிங்கப்பூரில் அமைத்துக்கொண்டது. அமெரிக்காவில் இளம் நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் பணமும் தரும் 'ஒய் காம்பினேட்டர்', அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற குறிப்பிட்ட சில நாடுகளில் பதிவான நிறுவனங்களிலேயே முதலீடு செய்வது வழக்கம். ஆகவே, காசோலை வேண்டுமானால் டெலவேரில் ஒரு தாய் நிறுவனம், அதற்கு அமெரிக்காவில் ஒரு வங்கிக் கணக்கு. அப்படித் திறக்கப்பட்ட கணக்குகள்தாம் 2023 மார்ச்சில் முடங்கியவை. ஊழியர் இங்கே, சந்தை இங்கே. அறிவுசார் சொத்துரிமையும் பங்குப் பதிவேடும் அங்கே. நாளை அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தால் அதுவும் அங்கேயே. அதன் செயலியை நாள்தோறும் பயன்படுத்தும் மதுரைக்காரர் அதில் ஒரு பங்கு வாங்குவது எளிதன்று.

சென்னையில் 2010இல் தொடங்கப்பட்ட ஃபிரெஷ்வொர்க்ஸ் இதற்குத் தமிழகம் நன்கறிந்த உதாரணம். மறு ஆண்டே ஆக்செல் அதில் 10 லட்சம் டாலர் போட்டது. 2021 செப்டம்பரில் அது நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது, தலைமையகம் கலிஃபோர்னியாவில் இருந்தது. இந்தியாவில் பணிபுரியும் 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் கூறினார். சாதாரணக் குடும்பங்களிலிருந்து வந்த பொறியாளர்களுக்குப் பங்கில் பங்கு கொடுத்த அந்தச் செயலை, நமது பழம்பெரும் குழுமங்களில் எத்தனை செய்திருக்கின்றன? வெளிப்பணத்தை எதிர்த்து முழங்குபவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும். கிரீஷ் முன்பு பணியாற்றிய ஜோஹோ நிறுவனமோ, துணிகர முதலீட்டாளரின் பணத்தைத் தொடாமலே வளர்ந்தது. தென்காசிப் பக்கம் வரை அலுவலகம் திறந்தது. பத்தாண்டில் விற்றாக வேண்டும் என்ற கெடு அதற்கு இல்லை. இரண்டும் ஒரே நகரின் பிள்ளைகள். எது சரியான வழி என்று தீர்ப்புச் சொல்ல நான் முனையவில்லை.

வெளியே போனவர்கள் இப்போது திரும்பி வரத் தொடங்கியுள்ளனர். ஃபோன்பே 2022இல் தன் பதிவைச் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு மாற்றியது. அதற்காக அதன் முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய் வரி கட்ட நேர்ந்ததாக அந்நிறுவனத் தலைமை வெளிப்படையாகவே கூறியது. குரோ, அமெரிக்காவிலிருந்து திரும்பியது. 2025 நவம்பரில் இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. வெளிநாட்டுத் தாய் நிறுவனம் இந்தியக் கிளையுடன் இணைவதை எளிதாக்கி 2024 செப்டம்பரில் கம்பெனி விதிகளும் திருத்தப்பட்டன. தாய்நாட்டுப் பற்று என்று சிலர் இதற்கு மெருகு பூசுகிறார்கள். இங்குள்ள பங்குச் சந்தையில் நல்ல விலை கிடைக்கிறது என்பதே உண்மைக் காரணம். விலை இறங்கினால் இந்தக் காற்று திசை மாறலாம்.

வெளிப்பணத்தோடு வெளியரசியலும் வருகிறது. 2023 ஜூனில் உலகப் புகழ்பெற்ற செகோயா நிறுவனம் மூன்றாகப் பிரிவதாக அறிவித்தது: அமெரிக்கா-ஐரோப்பாவுக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று, இந்தியா-தென்கிழக்கு ஆசியாவுக்கு 'பீக் எக்ஸ்வி' என்ற பெயரில் ஒன்று. வாஷிங்டனுக்கும் பெய்ஜிங்குக்கும் இடையிலான உரசல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் வீட்டுக்குள் சுவர் எழுப்பியது. அதற்கு மூன்றாண்டு முன்பு, 2020 ஏப்ரலில், இந்தியாவுடன் நில எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி கட்டாயம் என்று மத்திய அரசு ஆணையிட்டது. பணம் எந்த நாட்டு வழியே வந்தாலும், அதன் உண்மைப் பயனாளி அந்நாட்டவரானால் ஆணை பொருந்தும். அலிபாபா, டென்சென்ட் போன்றவற்றின் பணத்தை நம்பியிருந்த புத்தொழில் நிறுவனங்கள் திண்டாடின. அந்த ஆணையின் நியாயத்தை இங்கே ஆராயவில்லை. பணத்துக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று கேட்க அரசுக்குத் தெரியும், வேண்டும்போது கேட்கவும் கேட்கும் என்பதற்கு அது சான்று. 2002இல் கூட்டுக் குழு கேட்கச் சொன்னதும் அதைத்தான்.

இந்தியாவில் முதலீட்டாளரே இல்லையா என்று கேட்கலாம். 1988ஆம் ஆண்டிலேயே ஐசிஐசிஐயும் யூடிஐயும் சேர்ந்து டிடிஐசிஐ என்ற துணிகர மூலதன நிறுவனத்தை பெங்களூரில் தொடங்கின. இன்று பெரும் நிறுவனமாகத் திகழும் பயோகான், தொடக்கத்தில் அதன் உதவியைப் பெற்றது. 2000ஆம் ஆண்டு, அமெரிக்காவில் எக்சோடஸ் நிறுவனத்தைத் தொடங்கிப் புகழ்பெற்ற கே.பி. சந்திரசேகர் தலைமையிலான குழு, இத்துறையை வளர்க்கும் வழிகளைப் பரிந்துரைத்து செபியிடம் அறிக்கை தந்தது. 2016இல் 'ஸ்டார்ட் அப் இந்தியா' திட்டத்தின் கீழ் 10,000 கோடி ரூபாயில் 'நிதிகளுக்கான நிதி' அமைக்கப்பட்டு சிட்பி வங்கியிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025 பட்ஜெட்டில் மேலும் 10,000 கோடி அறிவிக்கப்பட்டது. அரசு நேரடியாக நிறுவனங்களில் பணம் போடாமல், துணிகர நிதிகளுக்குக் கொடுத்து அவற்றின் வழியே போடச் செய்யும் நல்ல ஏற்பாடு இது. இஸ்ரேல் 1993இல் 10 கோடி டாலருடன் தொடங்கிய 'யோஸ்மா' திட்டமும் இவ்வழியில் சென்றதே. ஆனால், அமெரிக்காவில் 1979இல் ஓய்வூதிய நிதிகளுக்குத் திறந்த கதவு, இங்கே அரசு சாரா வருங்கால வைப்பு நிதிகளுக்கு 2021 மார்ச்சில்தான் திறந்தது. அதுவும் 5 சதவீத உச்சவரம்புடன். தொழிலாளியின் சேமிப்பைச் சூதாட்டத்தில் விடலாமா என்ற தயக்கம் நியாயமானது. அந்தத் தயக்கத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்திய நிறுவனங்களின் வளர்ச்சியில் விளையும் லாபம், அமெரிக்க மாணவர்களின் உதவித்தொகையாகவும் கலிஃபோர்னிய ஆசிரியர்களின் ஓய்வூதியமாகவும் போய்ச்சேர வழி இருக்கிறது. கோவை மில் தொழிலாளியின் ஓய்வூதியத்துக்கு அதில் இடமில்லை.

தயக்கமா, துணிவா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். அங்கே நடப்பது என்ன? 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி, ஆறு பத்தாண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்த வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்துக்கான மசோதா மக்களவையில் சில நிமிடங்களில், விவாதமின்றி நிறைவேறியது. பிஹார் வாக்காளர் பட்டியல் பிரச்னையில் எதிர்க்கட்சிகள் அமளியில் இருந்தன. தேர்வுக் குழு முன்னதாக மசோதாவை ஆராய்ந்தது என்பது ஆறுதல். ஆனால், குழுவின் பணி அவையின் பணிக்கு மாற்றாகாது. அமளிக்குக் காரணம் எதுவாயினும், அதைப் பயன்படுத்திக்கொள்வது எந்த ஆளுங்கட்சிக்கும் வசதியாகவே இருந்துவருகிறது. விவாதம் இல்லாவிட்டால் தயாரிப்பு தேவையில்லை என்பது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலருக்கும் வசதிதான்.

வரி ஒப்பந்தங்கள் விஷயத்தில் அமளிகூடத் தேவையில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 90ஆம் பிரிவு, அத்தகைய ஒப்பந்தம் செய்து அறிவிக்கை வெளியிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே அளித்தது. புதிய சட்டமும் அவ்வதிகாரத்தை அரசிடமே விட்டுவைத்திருக்கிறது. அமெரிக்காவில் வரி ஒப்பந்தத்துக்கு செனட் அவையின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிரிட்டனில் அதற்கான ஆணை காமன்ஸ் அவையின் முன் ஒப்புதலுக்கு வர வேண்டும். இந்தியாவில் 1982ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கோ, அதன் 2016ஆம் ஆண்டு திருத்தத்துக்கோ நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஒரு ரூபாய் புதிய வரிக்கு அவையின் அனுமதி வேண்டும். ஆயிரக்கணக்கான கோடி வரியை விட்டுக்கொடுக்க ஓர் அறிவிக்கை போதும்.

இதைச் சரிசெய்ய அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. வரி ஒப்பந்தமோ திருத்தமோ கையெழுத்தானதும், அறிவிக்கை வெளியாகும் முன் நிதித் துறை நிலைக்குழுவுக்கு அனுப்புவதை அரசே மரபாக்கிக்கொள்ளலாம். எவ்வளவு வரி விட்டுக்கொடுக்கப்படுகிறது, எவ்வளவு முதலீடு எதிர்பார்க்கப்படுகிறது என்ற மதிப்பீட்டை அதனுடன் இணைக்கலாம். நிதி மசோதாவில் வரும் இத்தகைய பிரிவுகளைக் குறைந்தது ஒரு வாரம் அக்குழு ஆராயலாம். அரசு முன்வராவிட்டாலும், எல்லை தாண்டிய துணிகர முதலீடு என்ற பொருளைத் தானே எடுத்துக்கொண்டு விசாரிக்க நிலைக்குழுவுக்குத் தடையில்லை. வருவாய்த் துறைச் செயலரையும் செபி, ரிசர்வ் வங்கி அதிகாரிகளையும் அது எப்படியும் அழைக்கும். அவர்களுக்கு முன்பாக, 2023 மார்ச் மாதத்தின் அந்த இரண்டு நாள்களில் சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கலிஃபோர்னியாவிலிருந்து செய்தி வருமா என்று காத்திருந்த இளைஞர்களில் நாலைந்து பேரை அழைத்து, நிறுவனத்தை ஏன் அங்கே பதிவுசெய்தீர்கள் என்று கேட்கட்டும்.